பிப்ரவரிக் காற்றில் மும்பைக் கரையில் தூண்டில்: மார்ச் வரை காத்திருக்க வேண்டுமா?

முத்துநகரான் (செம்பூர்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை மும்பை, வீடு செம்பூர். ஊரில் சின்ன வயதில் தங்கூஸும் முள்ளும் வைத்துக் கைத்தூண்டில், அப்புறம் ராடு, ரீல் என்று மாறியவன். இங்கே மழைக்காலம் முடிந்ததும் அக்டோபர், நவம்பர் நன்றாகத்தான் போனது. பாந்த்ரா பாறையில் சின்னக் களவா, வாஷிப் பக்கம் கெளுத்தியும் செப்பிலியும், நடுவில் நல்ல சைஸில் ஒரு காலா, அதாவது இவர்கள் ரவஸ் என்கிறார்களே அது. ஜனவரி பாதிக்குப் பிறகு சுத்தமாக நின்றுவிட்டது. கடி இல்லை என்று கூடச் சொல்ல முடியாது, கடித்ததா இல்லையா என்றே தெரியாத மாதிரி காற்று நரம்பை வில்லாக வளைத்து இழுத்துக்கொண்டு போகிறது.

விடிவதற்கு முன் பாந்த்ரா போனால் கடல் அமைதியாக இருக்கிறது, ஆனால் குளிர், தண்ணீரில் கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. மதியம் போனால் வெயில் சுகமாக இருக்கிறது, காற்று முகத்தில் அறைகிறது, தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் தூண்டில் போடும் பெரியவர் ஒருவர் ஹோலி முடிந்து வா என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, தன் பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தார். அப்படியானால் நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது, பெரிய மனிதர், விட்டுவிட்டேன்.

என்னிடம் இருப்பது 8 அடி ராடு, 4000 சைஸ் ரீல், 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு), 10 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) ரப்பர் மீன், இரண்டு மூன்று மின்னோ (சின்ன மீன் வடிவப் பொய் இரை). ஊரில் வாடைக் காற்று அடித்தால் கரையில் எங்கே ஒதுங்குவது என்று தெரியும். ஆனால் அங்கே ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் ஒரு மீட்டர் கூட வித்தியாசம் வராது, அட்டவணை பார்த்துக் கிளம்பும் பழக்கமே கிடையாது. இங்கே தண்ணீர் வத்திவிட்டால் கண்ணுக்கு எட்டிய தூரம் சேறுதான்.

இந்தக் காலத்தில் கரையிலிருந்து மீன் பிடிக்க முடியுமா, முடியுமென்றால் எங்கே, எந்த நேரம், பொய் இரையான லூரா, உயிர் இறாலா? இல்லை, பேசாமல் மார்ச் வரை ராடைத் துடைத்துப் பரணில் போட்டுவிடலாமா?

டோம்பிவிலி டீ:

பரணில் போடுங்கள். இந்தக் காற்றில் நான் பிடித்தது சளி மட்டும்தான்.

வாஷிக்காரன்:

மேலே உள்ளவர் பேச்சைக் கேட்காதீர்கள், அவர் ஜூன் மாதத்திலும் இதையேதான் சொல்வார். முத்துநகர் நண்பரே, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. காலையில் மேற்குக் கடல் அமைதி, மதியம் காற்று முகத்தில் அறைகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து இடத்தை மாற்றினால் போதும். காலையில் மேற்குக் கரை, மதியத்துக்கு மேல் கிழக்குப் பக்கக் கழிமுகம். பலர் பிடித்த இடத்தை விடமாட்டேன் என்று பாந்த்ராவிலேயே நாள் முழுக்க நிற்கிறார்கள், அப்புறம் மீனே இல்லை என்கிறார்கள்.

காரணம் இதுதான். குளிர்காலத்தில் இரவு முழுக்க நிலம் குளிர்ந்துவிடும், அதனால் விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு, அதாவது வடகிழக்கு அல்லது கிழக்கிலிருந்து வீசும். பாந்த்ரா, வர்லி, மட் எல்லாம் மேற்கு பார்த்த கரை, காற்று உங்கள் முதுகில் விழும். கரையை ஒட்டித் தண்ணீர் தட்டையாக இருக்கும், வீச்சும் தூரம் போகும். 11, 12 மணிக்கு மேல் கடற்காற்று திரும்பிவிடும், அது வடமேற்கிலிருந்து வரும், சாயங்காலம் வரை ஓயாது. அந்த நேரத்தில் மேற்குக் கரையில் நிற்பது வீண். சில நாள் கிழக்குக் காற்று விடாப்பிடியாக நின்று கடற்காற்று தாமதமாகும். பிப்ரவரி கடைசியில் திடீரென்று வெயில் 35, 36 என்று ஏறுகிறதே, பெரும்பாலும் அந்த நாட்கள்தான். அன்றைக்கு மதியம் 1 மணி வரை கூட மேற்குக் கரையில் ஓட்டலாம்.

அடுத்தது ஏத்தம் வத்தம். இதைப் பார்க்காமல் மும்பையில் தூண்டில் போடவே கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், அஷ்டமி வாக்கில் அதில் பாதி கூட இருக்காது. நல்ல விஷயம் என்னவென்றால் நேரம் மாறாது. அமாவாசை, பௌர்ணமி அன்று மும்பையில் தண்ணீர் முழுசாக ஏறுவது எப்போதும் பகல் 12 மணியையும் நள்ளிரவையும் ஒட்டித்தான். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப்போகும். ஆக பஞ்சமி, சஷ்டி வாக்கில் வத்தம் காலை 9:30, 10 மணிக்கு, ஏத்தம் முடிவது மாலை 3:30, 4 மணிக்கு. இப்போது யோசித்துப் பாருங்கள். ராத்திரி குளிரில் ஆறிப்போன சேற்றுத் திட்டு, காலை வத்தத்தில் வெளியே தெரிந்து வெயிலில் காய்கிறது. அதன் மேல் மெதுவாக ஏறி வரும் தண்ணீர் சூடாகிறது. இறால், மடவைக் குஞ்சு எல்லாம் அந்த ஓரத்துக்கு வரும், பின்னாலேயே கொடுவாவும் செப்பிலியும் வரும். பிப்ரவரியில் கழிமுகத்துக்கு இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை. அஷ்டமி தாண்டி நவமி, தசமி வந்தால் கணக்கு புரண்டுவிடும், விடிந்து 7, 8 மணிக்கெல்லாம் ஏத்தம் முடியும். அந்த நாட்கள் பாந்த்ராவுக்கு, மார்வேக்கு. காற்று முதுகில், தண்ணீர் ஏறுமுகம், ஓட்டம் குறைவு என்பதால் கலங்கலும் குறைவு.

கிழக்கில் எங்கே என்றால் நான் சொல்வது உரண் பக்கம் கரஞ்சா. துரோணகிரி மலை வடமேற்குக் காற்றை அப்படியே மறைத்துக்கொள்ளும், அதன் அடியில் தர்மதர் கழிமுகம். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் நேருல் போய் உரண் ரயிலைப் பிடியுங்கள். 2024 ஜனவரியில் உரண் வரை பாதை திறந்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி, முன்பெல்லாம் பஸ்ஸில் ராடு மடியில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் திட்டு வாங்க வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். வடக்கே மலைப் பக்கம் பனி, மழை என்று செய்தி வந்தால், அடுத்த ஓரிரு நாளில் இங்கே வடகாற்று இறங்கும். அது காலை மாலை பார்க்காது, நாள் முழுக்க அடிக்கும். 2022 ஜனவரி 23 அன்று பாகிஸ்தான் பக்கத்துத் தூசியே அந்தக் காற்றில் மும்பை வரை வந்து நகரமே மங்கிப்போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படிக் காற்று அடிக்கும் நாட்களில் வீட்டில் இருங்கள். அது ஓய்ந்து இரண்டு நாள் கழித்து வரும் முதல் அமைதியான மதியம், அதுதான் உங்கள் நாள்.

கோலிவாடா கயல்:

வாஷி அண்ணன் காற்றுக் கணக்கு சொன்னது சரி. ஆனால் குளிரால் மீன் படுத்துவிட்டது என்கிற மாதிரி ஒரு தொனி வருகிறதே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மும்பைக் கடல் ஜனவரி, பிப்ரவரியில் 24, 25 டிகிரி இருக்கும், மே மாதம் 30. இது மீனுக்குக் குளிரா? நமக்குத்தான் குளிர். 1962 ஜனவரியில் சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி வரை இறங்கியிருக்கிறது, அப்போதும் இங்கே மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ரவஸுக்குக் குளிர்காலம்தான் சீசனே. காலையில் சசூன் டாக் போய்ப் பாருங்கள், பிப்ரவரியில் ரவஸ் எப்படி வருகிறது என்று. கரைக்கு வராமல் போவதற்குக் காரணம் காற்று, கலங்கல், அப்புறம் ஆளரவம். குளிரை நடுவில் இழுக்க வேண்டாம்.

நான் சயான் கோலிவாடாவில் வளர்ந்தவள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கடல்காரர்கள். தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். அட்டவணை பாருங்கள், ஆப் பாருங்கள், எல்லாம் சரி, ஆனால் போகிற இடத்தில் மீன் விற்கிற மாவுஷியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். இன்றைக்கு உதாணா, பாங்கா என்று கேட்டாலே இவன் கொஞ்சம் விஷயம் தெரிந்தவன் என்று முகம் மாறும். அமாவாசை, பௌர்ணமிப் பெருநீர் உதாண், அஷ்டமி பக்கத்துச் சின்ன நீர் பாங். எந்த ஓடையில் இறால் ஏறுகிறது, எங்கே போய் கூட்டம் நிற்கிறது, போய் என்றால் நம் மடவை, எல்லாம் சொல்வார்கள். உயிர் இறாலும் அங்கேயே கிடைக்கும், ஜிவந்த் கோலம்பி என்று கேளுங்கள். காசைப் பற்றிப் பேரம் பேசாதீர்கள், அவர்கள் காலையில் சேற்றில் இறங்கிப் பிடித்தது.

லூரா இறாலா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் காலத்தில் உயிர் இறால்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் கலங்கிக் கிடக்கும்போது ரவஸ் கண்ணை நம்பாது. அதன் மார்புத் துடுப்புக்குக் கீழே தனியாக நான்கு இழை தொங்கும், பார்த்திருப்பீர்கள், அதை வைத்துத் தரையைத் தடவிக்கொண்டே இரை தேடும் மீன் அது. உயிரோடு துடிக்கிற இறாலை அது விடாது. முள்ளை இறாலின் தலைக் கொம்புக்கு அடியில், உள்ளே தெரியும் கருப்புப் புள்ளியைத் தொடாமல் குத்துங்கள், புள்ளியில் பட்டால் அந்த நிமிடமே செத்துவிடும். காற்று இருந்தால் வால் பக்கம் குத்துவது நல்லது, வீசும்போது கழன்று போகாது. குளிருக்கு ஒரே ஒரு நன்மை உண்டு, இறால் டப்பாவில் ரொம்ப நேரம் உயிரோடு இருக்கும். மே மாதத்தில் பாருங்கள், ரயில் ஏறி இறங்குவதற்குள் பாதி போய்விடும்.

இந்த வடகாற்றை எல்லோரும் திட்டுகிறீர்கள். வெர்சோவாவிலும் உத்தனிலும் மூங்கில் சட்டத்தில் பொம்பில் மீன் காயப் போட்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் காய்ந்த காற்று இல்லையென்றால் அவர்கள் பிழைப்பு இல்லை.

வாஷிக்காரன்:

அக்கா, கடலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது கழிமுகத்தை. திறந்த கடல் 25 டிகிரியில் நிற்கும், முழங்கால் ஆழச் சேற்றுத் திட்டு நிற்காது, விடிகாலையில் அதைவிட நன்றாகவே குறையும். ரவஸுக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். கொடுவா அப்படி இல்லை. அது 26லிருந்து 30 டிகிரி வரை சுறுசுறுப்பாகத் தின்கிற மீன், பண்ணையில் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், தண்ணீர் 20 பக்கம் இறங்கினால் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால்தான் விடியலில் கழிமுகத்துக்குப் போகாதீர்கள் என்கிறேன். அந்த நேரத்தில் அது ஆழக் குழியில் அடியோடு அடியாகக் கிடக்கும், மூக்குக்கு நேராகக் கொண்டு போய் நீட்டினால் உண்டு, துரத்தி வந்து கடிக்காது. அதே மீன் மதியம் 3 மணிக்கு வேறு மீன்.

கோலிவாடா கயல்:

கொடுவாவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ரவஸுக்கு இல்லை.

முத்துநகரான்:

அண்ணே, அக்கா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. பஞ்சமி, சஷ்டி கணக்கு புரிந்தது, நம் வீட்டுக் காலண்டரே போதும் போலிருக்கிறதே. இரண்டு சந்தேகம். காற்றில் வீசும்போது பிரெய்ட் சுருண்டு சிக்காகிவிடுகிறது, ஒவ்வொரு முறையும் சில மீட்டர் வெட்டி எறிகிறேன், இதற்கு என்ன செய்வது? இன்னொன்று, உயிர் இறால் போட்டால் என்ன கனத்தில் ஈயம், மிதப்பு வேண்டுமா? வாஷியில் முன்பு மிதப்பு போட்டுத்தான் செப்பிலி பிடித்தேன், இப்போது காற்று மிதப்பையே கரைக்குத் தள்ளிவிடுகிறது.

பவாய் ரீல்:

சிக்கு விஷயத்துக்கு நான் வருகிறேன், மற்றதை மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காற்றுச் சிக்குக்கு முக்கால்வாசிக் காரணம் ரீல் கைப்பிடியைச் சுற்றி பெயில் கம்பியை, அதாவது நரம்பை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைகம்பியை, மூடுவது. லூர் தண்ணீரில் விழுந்ததும் கம்பியைக் கையால் மூடுங்கள், விரலில் நரம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். இது பழக்கமாகிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஸ்பூலில் நரம்பை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். ஸ்பூல் நிறைந்திருந்தால் காற்றில் வளையம் வளையமாகக் கொட்டும்.

10 கிராம் இந்தக் காற்றுக்குப் போதாது. 14 போடுங்கள், கனம் கூட்ட விருப்பமில்லை என்றால் பிரெய்ட்டை மெலிதாக்குங்கள், 20 பவுண்டிலிருந்து 15க்கு இறங்கினால் காற்று பிடிக்கும் பரப்பு குறையும். தலைக்கு மேல் வீசாமல் பக்கவாட்டில் தாழ்வாக வீசுங்கள். வீசிய பிறகு ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டிக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், காற்று வில்லாக வளைப்பது அங்கேயே குறையும். காற்று பக்கவாட்டில் இருந்தால் கொஞ்சம் காற்றை நோக்கி வீசி, நரம்பு இழுபட்டு நேராகும் வரை பொறுக்க வேண்டும். மின்னோ எல்லாம் இப்போது வேண்டாம், காற்றில் சுழன்று பாதி தூரத்தில் விழும். ரப்பர் மீனை அடியில் விட்டு, முடிந்த அளவு மெதுவாகச் சுற்றுங்கள். மெதுவாக என்றால் உங்களுக்கே அலுப்பு வரும் அளவுக்கு மெதுவாக.

லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு, என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி மாதிரி, பாறை, தூண் எல்லாம் ஆளி ஒட்டியிருக்கும். 40 பவுண்டுக்குக் குறையாத லீடர், ஒரு மீட்டராவது. ரவஸுக்கு மட்டும் என்றால் 30 போதும்.

வாஷிக்காரன்:

ஈயம் கேட்டிருந்தீர்கள். மிதப்பை மறந்துவிடுங்கள், மார்ச்சில் மறுபடி எடுக்கலாம். ஓடு ஈயம், அதாவது நரம்பில் வழுக்கி ஓடுகிற மாதிரி, 30லிருந்து 60 கிராம் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். எடை இவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அன்றைய ஓட்டம்தான் சொல்லும். அடியில் நிற்கிற எடையில் மிகக் குறைந்தது எதுவோ அது. அதற்குக் கீழே ஒரு சுழலி, அரை மீட்டர் லீடர், 1/0 அல்லது 2/0 வட்ட முள். வட்ட முள் போட்டால் கடித்ததும் ராடை வெட்டி இழுக்காதீர்கள், காற்றில் கடி தெரியவில்லை என்ற உங்கள் கவலைக்கும் அதுவே மருந்து. மீன் எடுத்துக்கொண்டு திரும்பும்போது தானாக வாய் ஓரத்தில் மாட்டும், நீங்கள் சுற்ற ஆரம்பித்தால் போதும்.

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக இருக்கும் நேரத்தைத் தவிர்க்கப் பாருங்கள். கழிமுக வாயில் தண்ணீர் வத்திக் கடலை நோக்கி ஓடும்போது வடமேற்குக் காற்று அதை எதிர்த்து அடித்தால் குட்டை அலையாகக் கொந்தளிக்கும். ஏத்தத்தில் காற்றும் நீரும் ஒரே பக்கம் போகும், அதே வேகக் காற்று என்றாலும் தண்ணீர் எவ்வளவோ மேல். காற்று 25 கிலோமீட்டருக்கு மேல் என்று காட்டினால் கரஞ்சாவிலும் மலை மறைப்பைத் தாண்டி வெளியே போகாதீர்கள். கடல் நிலவரத்துக்கு ஹைதராபாத் இன்காய்ஸ் (கடல் தகவல் மையம்) வெளியிடுவதைப் பாருங்கள், மீனவர்களுக்காகவே போடுவது.

செம்பூர் நண்டு:

முத்துநகரான், நானும் செம்பூர்தான். யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். தாணே கழிமுகத்தில் ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் நடுவே மேற்குக் கரை ஃபிளமிங்கோ சரணாலயம், 2015ல் அறிவித்தது, 2022ல் ராம்சார் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலிலும் வந்துவிட்டது. இப்போது பிப்ரவரியில் பறவைகள் ஆயிரக்கணக்கில் நிற்கிற நேரம். இடம் காலியாக இருக்கிறதே என்று அங்கே ராடோடு இறங்கினால் வனத்துறையிடம் மாட்டிக்கொள்வீர்கள். நியாயமும் அவர்கள் பக்கம்தான்.

இன்னொன்று, பிடித்ததை எல்லாம் சமைக்காதீர்கள். மித்தி நதி வந்து சேரும் மாஹிம் கழிமுகத்து மீனை நான் தொடமாட்டேன். தாணே கழிமுகத்து உட்பகுதியும் அப்படித்தான், ஒரு பக்கம் நகரக் கழிவுநீர், இன்னொரு பக்கம் தொழிற்சாலைப் பகுதி. அடிச் சேற்றில் கன உலோகம் இருப்பதாக ஆய்வுகள் நிறைய வந்திருக்கின்றன. அங்கே பிடித்தால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். உரண் பக்கமும் மார்வேக்கு வெளியிலும் பிடிப்பதைச் சாப்பிடுகிறேன், அதுவும் வாரா வாரம் இல்லை. கொடுவா பெரியது மாட்டினால் அதையும் விட்டுவிடுவது நல்லது. அது ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறுகிற மீன், பெரிய சைஸ் எல்லாம் முட்டை போடும் பெண்தான். ரவஸும் இந்த ஜாதிதான். இங்கே ஒரு கூட்டம் பெரிய மீனைத் தோளில் போட்டுப் படம் எடுத்து விற்கிறது, அவர்களிடம் சொல்லிப் பயனில்லை, நாமாவது.

கோலிவாடா கயல்:

நண்டு சொன்னதை வழிமொழிகிறேன். கெளுத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் இரை போட்டால் முதலில் வருவது அதுதான், இவர்கள் ஷிங்காளா என்பார்கள். குளிரில் விரல் மரத்திருக்கும்போது அதைக் கழற்றப் போய்க் குத்து வாங்குபவர்கள் ஏராளம். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மூன்று முள்ளிலும் விஷம். துணியும் பிளையரும் இல்லாமல் தொடாதீர்கள். குத்திவிட்டால் பொறுக்க முடிகிற அளவு சுடு தண்ணீரில் கையை வைத்திருங்கள், அரை மணி, தேவைப்பட்டால் இன்னும் கூட. வலி நன்றாகக் குறையும். கொதிக்கிற தண்ணீர் இல்லை, சுடு தண்ணீர். மரத்த கையால் சூடு பார்க்காதீர்கள், இன்னொரு கையால் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே இருந்தாலோ வீக்கம் ஏறினாலோ நேராக டாக்டர்.

டோம்பிவிலி டீ:

இதற்குத்தான் பரணில் போடச் சொன்னேன்.

பவாய் ரீல்:

டீ அண்ணா, உங்கள் பரணில் இருக்கும் அந்த 9 அடி ராடை விற்பதாக இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

முத்துநகரான்:

நண்டு அண்ணே, செம்பூர் என்றால் ஸ்டேஷன் பக்கம் ஒருநாள் பார்க்கலாம். மாஹிம் பக்கம் போகும் எண்ணம் இருந்தது, விட்டுவிட்டேன். கரஞ்சாதான். காலண்டரைப் பார்த்தேன், வருகிற சனி பஞ்சமி, ஞாயிறு சஷ்டி. இறாலுக்குக் காலையிலேயே போய் மாவுஷிகளிடம் கேட்டு வாங்கி, வத்தத்திலேயே இடம் பார்த்து வைத்துவிட்டு, 12 மணிக்கு மேல் போடலாம் என்று திட்டம். இடம் தேர்ந்தெடுக்க வத்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வாஷிக்காரன்:

வத்தத்தில் போய்ப் பார்க்க நினைத்தீர்களே, நல்ல யோசனை, பலர் செய்வதில்லை. சேற்றுத் திட்டை வெட்டிக்கொண்டு போகும் சின்ன ஓடைகள் தெரியும், அவை பெரிய ஓடையில் சேரும் வாய்தான் இடம். ஏத்தத்தில் மீன் அந்த வழியாகத்தான் திட்டுக்கு ஏறும். வெயில் நேராக விழும், காற்று மறைந்த பக்கமாகப் பாருங்கள். பாறை அல்லது பழைய தூண் ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஏறியதும் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள், மேலே காய்ந்தது போல இருக்கும், தொடை வரை வாங்கும். கல் கரையில் நின்று வீசுங்கள். திரும்பி வரும் வழி தண்ணீரில் மூழ்குமா என்று வத்தத்திலேயே பார்த்துவிடுங்கள், ஊர்ப் பழக்கத்தில் ஒரு மீட்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

செம்பூர் நண்டு:

சனி நானும் வருகிறேன், எந்த ரயில் என்று சொல்லுங்கள். ஞாயிறு இப்போதைக்கு வடக்குக் காற்று 30 என்று காட்டுகிறது, வாஷிக்காரர் கணக்குப்படி அன்றைக்கு வீடுதான். செவ்வாய் ஓயும் போலிருக்கிறது, புதன் லீவு கிடைக்குமா என்று இப்போதே ஆபீஸில் கேட்டு வையுங்கள். அதற்குள் நவமி பக்கம் வந்துவிடும், ஆகவே புதன் என்றால் கரஞ்சா இல்லை, விடியலில் பாந்த்ரா.